ஐந்து மூலை வீடு

முதல் களம் ஆற்றோரம்.
கூரை, வேலி, இருக்கை எல்லாமே மரம்.
நடுவெளியில் ஓர் எல்ம் நின்றது.
வெட்ட மனம் வராமல் விதியை வளைத்தார்கள்:
கிளையில் பந்து சிக்கினால் இரண்டு தளம்.
ஊருக்கு அதுவே தல விருட்சம்.
ஒரு செப்டம்பரில் யாரோ போட்ட சுருட்டு
முன்னிரவுக்குள் முழுக்கக் கரி.
எல்ம் மட்டும் பாதி உடம்போடு
மறுவசந்தம் துளிர்த்தது,
பார்க்க ஆளில்லாமல்.

இரண்டாவது செங்கல்.
லாக்ஹார்ட் தெருவுக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே
இடுக்கில் திணித்த களம்.
வலப்பக்கம் தட்டினாலே மதிலைத் தாண்டும்.
தாண்டிய பந்துகளை
லியோகாடியா ப்ருஷின்ஸ்கி
வெள்ளாவி ஆவிக்குள் நின்று பொறுக்கி
ஒன்றுக்கு ஐந்து சென்ட் வாங்கினாள்.
போர் வந்தபிறகு பத்து.
ஓர் ஆட்டமும் அவள் பார்த்ததில்லை.
மதிலுக்கு அப்பால் எழும் இரைச்சலை வைத்தே
இது நம்முடையது, இது அவர்களுடையது என்பாள்.
பெரும்பாலும் அவர்களுடையது.
கொக்குகள் என்று பெயர் வைத்த அணி
முப்பத்தெட்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றும்
ஒரு மீன் சிக்கவில்லை.

மூன்றாவதைப் பற்றி என்ன சொல்ல?
நெடுஞ்சாலை ஓரம் மல்லாந்த சிமெண்ட் சட்டி.
புல்லே பிளாஸ்டிக்.
மேல்வரிசையிலிருந்து பார்த்தால்
ஆட்டக்காரர்கள் சிந்திய உப்பு.
அங்கேதான் ஜெயித்தார்கள். ஒரே ஒரு முறை.
அதனால் யாராலும் அதை
மனதார வெறுக்க முடியவில்லை.
வெடிவைத்துத் தகர்க்கப் பதினொரு நொடி.
கைதட்ட வந்தவர்கள்
கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

நான்காவதுக்கு ஒரு வங்கியின் பெயர்.
வங்கி மூழ்கியதும் காப்பீட்டுக் கம்பெனியின் பெயர்.
இப்போது எது என்று டாக்சியில் கேட்டால்
"பந்து மைதானம்தானே, ஏறுங்கள்."
மதில் செங்கல்,
பழையதுபோலத் தெரியப் புதிதாய்ச் சுட்டது.
வலப்பக்கம் வேண்டுமென்றே குட்டை.

அடிக்கிறவன் காலடியில் பதித்த வெள்ளைத் தட்டுக்கு
இந்த ஆட்டத்தில் வீடு என்று பெயர்.
கிளம்பிய இடத்துக்கே சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான்.
மூன்று தளம் தாண்டி நாலாவது வீடு.
அறம் பொருள் இன்பம் என்று எண்ணிப் பழகியவனுக்கு
விளக்கவே வேண்டாம்.
மூன்றாவதிலேயே நின்றுபோகிறவர்கள் அதிகம்.

லாக்ஹார்ட் தெருவில் இப்போது மருத்துவமனை.
தரைத்தளத்தில், லிப்டுக்கு முன்னால்,
பழைய வீடு இருந்த அதே இடத்தில்
ஐந்து மூலையாய் ஒரு வெள்ளை ஓடு.
தெரியாமல் மிதிப்பவர்களே எல்லாரும்.

வயிற்றில் பதினாறு தையலோடு
ராஸ்கோ டிமர்ஸ் அங்கிருந்து கிளம்புகிறார்,
சொட்டுமருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு.
எக்ஸ்ரே அறையில் மூச்சு வாங்குகிறார்.
ரத்தப் பரிசோதனை ஜன்னலில் சாய்ந்து நிற்கிறார்.
மருந்துக்கடை முனையில்
திரும்பலாமா என்று யோசிக்கிறார்,
பிறகு கம்பியின் சக்கரம் கிரீச்சிட
ஓட்டின் மேல் ஒரு செருப்பை வைக்கிறார்.

இந்த ஆட்டம் ஒன்றும் தெரியாத நர்ஸ்
"முடிந்ததா?" என்கிறாள்.

"எங்கே முடிந்தது," என்கிறார்,
"இப்போதுதான் ஒன்று."