வாரண்டி அட்டை

ஆறு மாச வாரண்டி.
தண்ணி இல்லாமல் ஓடினால் செல்லாது.
வோல்டேஜ் குறைவில் ஓட்டினால் செல்லாது.
வேறு ஆள் கை வைத்திருந்தால் செல்லாது.
ஆரப்பாளையத்துப் பட்டறையில் பதினேழு வருஷமாக
மோட்டாரோடு சேர்த்து நான் தருகிற மஞ்சள் அட்டை.
இதுவரை ஒருத்தரும் முழுசாகப் படித்ததில்லை.

ரெஜினா ஜோஸ்பின் விரித்துப்போட்ட தாளை
நான் முழுசாகப் படித்தேன்.
மூணு பேருக்கு அஞ்சு லட்சம்.
வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரத்து நானூறு.
கண்புரை, குடலிறக்கம் என்றால் ரெண்டு வருஷம் கழித்து.
ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூணு.
அறை வாடகை கூடினால் மொத்த பில்லிலும் வெட்டு.
"என்னம்மா, என் அட்டை மாதிரியே இருக்கு."
அவருக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தார்.

பத்து மோட்டார் கூலி அது.
சித்திரையில் நாலு நாளில் வந்துவிடும்.
ஐப்பசியில் நல்ல மழை என்றால் மாசம் முழுக்க வராது.
ஊரே மழைக்குக் கும்பிடும்போது
எங்காவது எரியட்டும் என்று நினைக்கிற தொழில்.
காசு கட்டிவிட்டு
சும்மா போச்சே இந்த வருஷமும் என்று
நோவுக்கும் அப்படிக் காத்திருப்பேனோ?

பாண்டீஸ்வரி கணக்கு வேறு.
"சீட்டுல போட்டா நம்ம பணம்.
இவுங்ககிட்டக் கட்டுனா போன பணம்."
சரிதான்.
போன தடவை எடுத்த சீட்டு
தாய்மாமன் சீராகத் திருமங்கலம் போனதை
நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அரசாங்க அட்டைக்கு வருமானச் சான்று கேட்டுப் போனேன்.
"கடை இருக்குல்ல?" என்றார்கள். இருக்கு.
எதிர்க்கடை அல்லாபிச்சைக்கு நெஞ்சு அடைத்தபோது
பெரியாஸ்பத்திரியில் பிழைக்கவைத்தார்கள்,
பைசா செலவில்லாமல். வீட்டுக்காரம்மா
பதினோரு ராத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தார்.
அவர் மச்சினனுக்கும் அதேதான், கே.கே. நகரில்,
மூணே நாள். ஆட்டோவை விற்றார்.
இப்போது ரெண்டு பேரும்
ஒரே கடையில் சீனி இல்லாத டீ குடிக்கிறார்கள்.

எனக்கும் சர்க்கரை. ஆறு வருஷம்.
பாரத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல்
மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் சோழவந்தானிலிருந்து
டிவிஎஸ் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு
ஒச்சம்மாள் வந்தார். கொடிக்காலுக்கு ஓடுகிற மோட்டார்.
"நாலு மாசந்தாண்ணே ஆச்சு. அட்டை இருக்கு."
கழற்றினேன். புஷ் நீலம் பாய்ந்திருந்தது.
வற்றிப்போன போரில்
ராத்திரி பூராவும் வெறுமனே சுற்றியிருக்கிறது.
"தண்ணி இருந்துச்சா?"
"இருந்துச்சுண்ணே," என்றார்
கருகின காயலைப் பார்த்து.
அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்,
அந்த நீலத்துக்கும் தெரியும்.
பையில் பாரம் மொடமொடத்தது.

'நம்ம வேலைக் கோளாறு' என்று நோட்டில் எழுதினேன்.
"கம்பிக் காசு மட்டும் குடுங்க."
என் நோட்டு, என் பேனா. எழுதலாம்.
என்னைக் கழற்றிப் பார்க்கப்போகிறவர்
எந்த ஊரில், எத்தனாவது மாடியிலோ.
வெற்றிலைக் கவுளி ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போக
அவரிடம் யாரால் முடியும்?

சாயங்காலம் கட்டத்தை நிரப்பினேன்.
சர்க்கரை: உண்டு. வருஷம்: ஆறு.
ரெஜினா போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நாலாயிரத்துச் சொச்சம் கூடும் சார்.
அதுக்கு மூணு வருஷம் பொறுக்கணும்."

பாண்டீஸ்வரி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.
"மூணு வருஷத்துக்குத் தண்ணியில்லாம ஓடாதீங்க."
கட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும்.
கடைசித் தேதி என்ன என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரி என் தட்டில்
சோறு ஒரு கரண்டி குறைந்திருந்தது.