ஏழாம் ஷெட்டில் லடாக்

பேருந்துக்கு எஞ்சின் கிடையாது.
குர்லா காயலான் கடையில்
எடை போட்டு வாங்கியது.
மஞ்சள் அடித்து, பக்கவாட்டில் மயில் வரைந்து
கோரேகாவ் ஸ்டூடியோவின் ஏழாம் ஷெட்டில்
நான்கு ஸ்பிரிங் மேல் நிறுத்தினோம்.
சுற்றிலும் பச்சைத் துணி.
அதில்தான் பிறகு
இந்தியாவை ஊற்றுவார்களாம்.

பின் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில்
குந்தி உட்கார்ந்து
எட்டடிச் சவுக்குக் கட்டையை அழுத்துவது என் வேலை.
அந்தப் பக்கம் காம்ப்ளே.
மைக்கில் குரல் வரும்.
நெடுஞ்சாலை என்றால் மூச்சுவிடுகிற அளவுக்கு.
மண்ரோடு என்றால் தோள் நோக.
மலை என்றால்
காம்ப்ளே ஏற நான் இறங்க,
நான் ஏற காம்ப்ளே இறங்க.
பதினேழு நாளில் நாசிக், இந்தூர், ஜெய்ப்பூர், மணாலி
எல்லாம் குலுக்கி முடித்தோம்.
மதியச் சாப்பாடு மட்டும் தினமும்
அதே புளியமரத்தடியில்.

ரூஹி பரூச்சாவுக்குப் பத்தொன்பது வயது.
அவள் பாட்டு ஓடாத ஆட்டோ அந்த வருஷம் பம்பாயில் இல்லை.
பாந்திராவிலிருந்து வருவாள்,
மழை நாளில் இரண்டே முக்கால் மணி நேரம்.
அந்தப் படத்துக்காக யாராவது
சாலையில் பயணம் செய்தது
அது ஒன்றுதான்.

கதைப்படி அவள் மேடையை விட்டு ஓடிப்போகிற பாடகி.
யாரிடமும் சொல்லாமல் ஒரு பேருந்தில் ஏறிவிடுகிறாள்.
நிஜத்தில், கழிப்பறைக்குப் போனாலும்
வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

மூன்றாம் நாள்
ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள்.
நகராத வண்டியில்!
இயக்குநர் சிரித்தார், அதனால் எல்லோரும் சிரித்தார்கள்.
என் முதுகிலும் கொஞ்சம் பட்டிருந்தது.
அவள் எட்டிப் பார்த்து
"யாரு அங்கே?" என்றாள்.
சாலைக்குக் கை கால் உண்டு என்று
அதுவரை அவளுக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து ஏறும் முன் குனிந்து,
"அண்ணா, இன்னைக்கு எந்த ஊரு?"
"ரோத்தாங். ஸ்வெட்டர் போட்டுக்கோ."
ஷெட்டுக்குள் முப்பத்தெட்டு டிகிரி.

கடைசிப் பாட்டை அங்கேயே பதிவு செய்தார்கள்.
மின்விசிறியை நிறுத்தினார்கள்.
எல்லோரும் செருப்பைக் கழற்றினோம்.
கொசுவைக்கூட அடிக்கவில்லை.
ராத்திரி இரண்டு மணி.
அவள் மேலே போகிறாள், போகிறாள்,
உச்சியில் காலை வைக்கும் நேரம்
வியர்வையில் கட்டை வழுக்கியது.
பேருந்து ஒரு சாண் விழுந்தது.
குரலும் விழுந்தது.
விழுந்து
எங்கோ ஒரு கிளையைப் பிடித்துத்
திரும்ப ஏறியது.

கூலி போச்சு என்று
காம்ப்ளே கண்ணால் சொன்னான்.
'கட்' வரவில்லை.
பாட்டு முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் வந்தது,
அதுவும் மெதுவாக.
அவள் இறங்கி வந்து குனிந்தாள்.
"அது எந்த ஊரு?"
எனக்கும் தெரியவில்லை.

படத்தைச் சயானில் பார்த்தேன்.
லடாக் நன்றாகத்தான் இருந்தது.
பனி, நீல ஏரி, கொடிகள்.
நான் குந்தியிருந்த இடத்தில்
ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த இடம் வந்தபோது
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
வாழ்க்கையில் அடிபட்ட குரல் என்று
பேப்பரில் எழுதியிருந்ததாம்.
காம்ப்ளே போன் செய்து
அதைப் படித்துக் காட்டினான்,
இரண்டு பேரும் சிரித்தோம்,
பிறகு ஏனோ கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.

நேற்று வடாலா போகும் பஸ்.
முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண்,
காதில் ஒயர், கண்ணை மூடி
முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.
அந்தப் பாட்டு.
மேலே போகிறாள், போகிறாள்.
என் கை தானாகக்
கம்பியை இறுக்கிப் பிடித்தது.
புதிதாகத் தார் போட்ட ரோடு.
வண்டி எண்ணெயில் போவது போலப் போனது.
அவள் குரல் மட்டும்
சரியாக அந்த இடத்தில்
ஒரு சாண் விழுந்தது.