டூ பேஸ்

முப்பது வருசமாய்
ஸ்குரூ டிரைவர் கைப்பிடியைக் காதில் அழுத்தி
முனையை மோட்டார் மேல் வைத்துத்தான்
நோய் சொல்லி வந்தேன்.
பேரிங்கா, புஷ்ஷா, ரோட்டார் உரசுதா...
சூலூரிலிருந்து செஞ்சேரிமலை வரைக்கும்
கிணற்றுக்காரர்களுக்கு என் காது தெரியும்.

என் நெஞ்சுக்கூட்டில் ஓடியதைத்தான்
கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
காகிதம் நீள நீள வந்தது.
சீரில்லாத கிறுக்கல்.
"மேலறை ரெண்டும் அடிக்கறதில்லைங்க, நடுங்குது.
எத்தனை வருசமாவோ" என்றார் டாக்டர் ஹேமலதா.
"டூ பேஸ்ல ஓடற மோட்டாருங்களா?" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
பக்கத்தில் நின்ற மரகதத்துக்குப் புரிந்தது.
டூ பேஸில் ஓடவிட்டால் காயில் கருகும் என்று
கடைக்கு பில் எழுதுகிறவளுக்குத் தெரியாதா.

ஒருதரம் கரண்ட் வைத்தும் பார்த்தார்கள்.
மயக்கம் தெளிந்தபோது
அளந்து வைத்த மாதிரி ஓட்டம்.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் கண்ணம்பாளையம் பிரிவில்
டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே
நழுவிப் போயிற்று.
டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி சீர் பண்ணுவதில்லையாம்.
வேகத்தை மட்டும் பிடித்துவைக்க ஒரு மாத்திரை.
தேங்கின ரத்தம் கட்டாமல் இருக்க இன்னொன்று,
அது ராத்திரி ஏழுக்கு;
ஞாயிறும் புதனும் ஒன்றரை.
மாதம் ஒருக்கா ரத்தம் கொடுத்து
ஓர் எண்ணை வாங்கி வருகிறேன்.
ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.
குறைந்தால் மூளைக்குப் போய் அடைக்கும்,
கூடினால் சின்னக் கீறலும் நிற்காது.
முருங்கைக்கீரை எச்சும் ஆகக்கூடாது, கம்மியும் ஆகக்கூடாது.
மரகதம் நிறுத்துத்தான் சமைக்கிறாள்,
காப்பர் கம்பி நிறுக்கிற அதே தராசில்.

கம்பி கிழித்து ஒரு பனியன் துணி முழுக்க நனைந்த நாளிலிருந்து
காயில் இறக்குவதெல்லாம் பையன்கள்தான்.
நான் இன்சுலேஷன் பேப்பர் மடித்துக் கொடுக்கிறேன்.
சத்தம் மட்டும் இன்னும் நானே கேட்கிறேன்.

நேற்று கரண்ட் போன ராத்திரி,
பக்கத்துத் தறிக்குடோனும் ஓய்ந்து கிடக்க,
மரகதம் ஸ்குரூ டிரைவரை எடுத்து
என் நெஞ்சில் வைத்தாள்.
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு குனிந்து
மூக்கால் முகர்ந்தாள்.

"கருகின வாசம் வரலைங்க.
ஓடற வரைக்கும் ஓடட்டும்.
ஆமா, இன்னிக்குப் புதனல்ல,
பாதி மாத்திரையை எங்க வெச்சீங்க?"