ஐந்தாவது சீட்டு

வாடை எழும்பி ஒன்பதாம் நாள்.
திருக்கடலூரில் ஒரு படகும் இறங்கவில்லை.
தவேந்திரத்தின் வலைக் கொட்டிலில்
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி
நாலு பேர், ஒரு லாந்தர்.
காசுக்குப் பதில் வலையீயம்,
ஒன்று ஐம்பது ரூபா.
அதைத் தள்ளும்போது எழும் சத்தத்தில்
எவன் கை நடுங்குகிறதென்று தெரிந்துவிடும்.

என்னிடம் ஸ்கோப்பன் ஆசு, டைமன் ராணி.
பார்க்க அழகு, இன்னும் ஒன்றுமில்லை.
விரித்த மூன்றும் ஜாக், ஏழு, இரண்டு.
ஜாக்கும் ஏழும் ஸ்கோப்பன்.
எனக்கு ஒட்டவில்லை.
ஒட்டியவன்போல் எட்டு ஈயம் வைத்தேன்.

முதற்பொய் இலகு.
'எப்படிச் சுகம்' என்றால் 'நல்ல சுகம்' என்பது மாதிரி.
விஜிதசிறி 'எப்பா' என்று கவிழ்த்தான்.
ரெஜினோல்ட் ஏற்கெனவே சிகரெட்டுக்கு வெளியே.
தவேந்திரம் மட்டும் தன் சீட்டை இன்னொரு தரம் பார்த்து
'சரி' என்றான்.
ஜாக் வைத்திருக்கிறான்.

நாலாவது, கிளாவர் ராசா.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் நிற்பார்கள்.
ஒரு பொய் சொன்னோம், கேட்கவில்லை, போதும் என்று.
மற்றக் கால்வாசி
சொன்னதற்காகவே சொல்லிக்கொண்டு போவார்கள்.
நான் என் கையைப் பார்ப்பதில்லை.
வந்த சீட்டு யாரை வெருட்டுகிறது என்று பார்ப்பேன்.
தொடக்கத்தில் ஏற்றியவன் நான்,
ராசா என் வாயில் பொருந்தும்.
ஜாக்கோடு இருப்பவனுக்கு அது
தலைக்குமேல் நிற்கும் ஆள்.
பத்து ஒன்று வந்தால் எனக்கும் கரை உண்டு,
வெறுங்கையால் நீந்தவில்லை.
இருபது.

அவன் யோசிக்கிற நேரத்தில்
வாசலில் ஒரு மான் நின்று
சீட்டுக்கட்டு வந்த மட்டைப் பெட்டியைச் சப்பியது.
ஊர் மான்களுக்கு எங்களிடம் பயமில்லை.
பயமில்லாததிடம் என்ன சொல்லி என்ன.

'சரி.'

ஒன்பது மணிக்குச் சுகிர்தாவுக்குப் போனில் சொன்னேன்:
சங்கத்தில் ஓடிற், பிந்தும்.
'சரி' என்றாள்.
பத்தரைக்கு ஊரெல்லாம் கரண்ட் போனது.
பதினொன்றுக்கு: ஐயாயிரம் இடிக்குது, பெரியவர் விடுறாரில்லை.
'இருட்டுக்கயோ?'
ஜெனரேற்றர் இருக்கு.
சங்கத்தில் ஜெனரேற்றர் இல்லை.
போன வருசம் அதற்கு மனு எழுதித் தந்தவளே அவள்தான்.
கொஞ்ச நேரம் மழை கேட்டது. பிறகு
'சரி.'
வந்த சீட்டு கதையைக் கொன்றபிறகும்
வைத்தேன். மடையன்.

ஐந்தாவது, ஸ்கோப்பன் நாலு.

மேசையில் மூன்று ஸ்கோப்பன்.
என் கை இப்போதும் வெறுங்கைதான்.
ஆனால் ஆசு என்னிடம்,
ஆகவே அது அவனிடம் இல்லை.
அவன் எதை வைத்திருந்தாலும்
அதைவிடப் பெரியதொன்றுக்கு அஞ்சவேண்டும்,
அந்த ஒன்று எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.
எதிரே ரெஜினோல்ட் என்றால் நிறுத்தியிருப்பேன்,
பொய் கேட்பதற்கென்றே காசு கொடுப்பவன் அவன்.
தவேந்திரத்துக்குப் படகு இரண்டு, கடன் மூன்று.
எப்போது திரும்பவேண்டும் என்று
கடல் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மிச்சம் நாற்பத்தைந்தையும்
ஒரே தள்ளாய்த் தள்ளினேன்.
சத்தம் சீராய் இருந்தது.

லாந்தர் திரியை ஒருமுறை ஏற்றினான், இறக்கினான்.
ஜாக்கைக் காட்டிக் கவிழ்த்தான்.
'உனக்கு ஸ்கோப்பன் வந்திட்டுது.'
ஓமென்றேன். அது நாலாவது பொய்,
தேவையில்லாதது.

கோட்டை வீதியால் நனைந்து நனைந்து வந்தேன்.
கதவு பூட்டவில்லை.
சோறு மூடியிருந்தது, பக்கத்தில் மெழுகுதிரி,
அதற்கப்பால் அவள் முகம்.
விலகக்கூடிய முகம்தான்.
இத்தனை நாள் அதை யோசிக்காமல் வைத்திருக்கிறேன்.

'கணக்கு ஒத்துவந்ததோ?'

இங்கே எந்த ஆசும் என்னிடம் இல்லை.
எல்லாம் அவளிடம்.
வாயில் ஒன்று தயாராய் இருந்தது, பெரியவர்,
ஐயாயிரம், பிழை விட்டவன் பெயர்கூட.
துவாய் எடுக்கக் குனிந்தேன்.
சட்டைப்பையில் மறந்து வந்த ஒரு ஈயம்
மேசையில் விழுந்து
அந்தச் சத்தத்தைப் போட்டது.