நிபந்தனை பதினான்கு

கட்டுமானக் காலத்தில்
தோண்டிய மண் ஆற்றுக்குள் இறங்கக் கூடாது.
பதினான்காம் நிபந்தனை இதுதான்.
அதற்கு நேரே ஒரு கட்டம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
அந்தக் கட்டத்தில் 'இணங்கப்படுகிறது' என்று
தட்டச்சு செய்வது என் வேலை.

அத்திப்பட்டுக்குக் கிழக்கே
நிலக்கரி கொட்டிவைக்க நாற்பது ஏக்கரில்
ஒரு முற்றம் எழுகிறது.
கரி இன்னும் வரவில்லை.
எங்கோ வடக்கே ஒரு மலையைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.
அங்கும் என்னைப் போல் ஒருத்தி
இதே கட்டத்தில் இதே சொல்லை
இந்தியில் அடித்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்.
வானிலை அறிக்கை ஆரஞ்சு.
சரிவின் அடி நெடுக இடுப்புயரக் கறுப்புத் துணி,
மூங்கில் குச்சிகளில் கட்டி நிறுத்தியது.
துணியின் விளிம்பு அரையடி ஆழம்
மண்ணுக்குள் புதைய வேண்டும் என்கிறது வரைபடம்.
புதைக்கவில்லை.
காற்றடித்தால் ஜன்னல் திரைபோல் தூக்குகிறது.
"படத்துக்கு நிக்குதில்ல மேடம், போதும்"
என்கிறார் ஒப்பந்தக்காரரின் ஆள் சாலமன்ராஜ்.
படம் எடுத்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்: நான்தான் எடுத்தேன்.

இரவு மட்டும் பதினோரு சென்டிமீட்டர்.
காலையில் போனபோது
சரிவெங்கும் விரல் விரலாக வாய்க்கால்கள்.
லாரி லாரியாக வந்த கிராவல்
துணிக்கு அடியில் குனிந்து போயிருந்தது.
கொசஸ்தலை, கடலுக்குக் கொஞ்சம் முன்னால்,
டீக்கடை நிறத்தில்.
முட்டியளவு நீரில் குந்தி
கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் ஐந்து பேர்,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி.
வாயைத் திறந்தால் பறி போய்விடும்.
அதனால் என்னைப் பார்த்து
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பது மீட்டர் துணியைக் காணோம்.
"திருட்டுன்னு போட்டுக்கங்க."
தேடிக்கொண்டு நடந்தேன்,
வடநாட்டு ஆட்களின் தகரக் கொட்டகைகள் வரை.

அங்கே இருந்தது.
நாலு கொட்டகைகளின் மேட்டுப் பக்கமாக
அரிவாள்போல் வளைந்து.
விளிம்பை அரையடிப் பள்ளத்தில் இறக்கி,
மண் தள்ளி, மிதித்து,
மேலே உடைந்த செங்கல் அடுக்கி.
குச்சிகள் நீர் வரும் பக்கத்தில் இல்லை, போகும் பக்கத்தில்.
டிப்ளமோ படித்தவர்களே தப்பாக நடுகிற இடம் அது.
துணிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் சேறு.
இந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

யார் செய்தது என்றேன், என் அரைகுறை இந்தியில்.
மாவுக் கையை உயர்த்தினாள் சோம்வாரி.
எந்த ஊர் என்றதற்கு
ஒரு சுரங்கத்தின் பேரைச் சொன்னாள்.
அது சுரங்கமாயிற்றே, ஊர்?
இப்போது ஊருக்கும் அதுதான் பேர் என்றாள்,
ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

பைக்குள் ஒரு லிட்டர் ஆற்றோடு
புதுநகரில் மின்ரயில் ஏறினேன்.
எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர்,
புட்டியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
ரயில் குலுக்கியது. தெளியவில்லை.
கொருக்குப்பேட்டை வீட்டில்
குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.
விடிந்தபோது மேலே தண்ணீர்,
கீழே ஒன்றரை விரல் நிலம்.

அறிக்கையில் படம் ஏழு:
'வண்டல் தடுப்பு, விதிப்படி அமைக்கப்பட்டது.'
அது சோம்வாரியின் துணி.
அமைத்தவர் என்ற இடத்தில்
அவள் பேரைப் போட்டால் பிடுங்கிவிடுவார்கள்.
'தள ஊழியர்' என்று போட்டேன்.

பதினான்காம் கட்டம் இன்னும் காலி.
கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது.
தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.
வெளியே தூறல்.
மூன்றாவது முறை மணியடிக்கும்போது எடுத்தேன்.
ஹலோ சொல்ல வரவில்லை.
பல்லில் எதையோ
இறுகக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது
அப்போதுதான் தெரிகிறது.