ஏழாவது லேன்

டோக்கன் போனில் மட்டும்தான்.
புதன்கிழமை காலை, ஏழிலிருந்து ஏழரை.
மாதப்பன் இதை அட்டையில் எழுதி
கிளினிக் கதவில் நூல்கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.
'நேரில் கேட்க வேண்டாம்' என்பதன் அடியில்
சிவப்பு மையில் இரண்டு கோடு.
அதை நேரில் போய்த்தான் படித்துவிட்டு வந்தேன்.

முதல் புதன் எனக்கு ஆறு டு இரண்டு ஷிஃப்ட்.
டோல்கேட் பூத்துக்குள் போன் ஆகாது,
கல்லாவில் காசு இருக்கிறதல்லவா.
லாக்கர் இருட்டில் அது படுத்துக்கிடக்க
ஏழு மணிக்கு ஒரு மாங்கூழ் டேங்கருக்குச்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கழுத்தில் அப்போது புளியங்கொட்டை அளவு.

இரண்டாம் புதன் நைட் ஷிஃப்ட் முடிந்து
காவேரிப்பட்டணம் பஸ்ஸில் நின்றபடியே அடித்தேன்.
பிஸி.
பிஸி.
கம்பியைப் பிடிக்க ஒரு கை, ரீடயலுக்கு ஒரு கை,
டிக்கெட்டுக்கு இல்லாத மூன்றாவது கை.
ஏழு இருபத்தெட்டுக்கு எடுத்தார்:
"நாப்பது ஆயிடுச்சும்மா. அடுத்த வாரம் பாருங்க."

மூன்றாவது புதன் கிடைத்துவிட்டது!
டோக்கன் பதினேழு.
வியாழன் மதிய ஷிஃப்ட்டை நவநீதா எடுத்துக்கொண்டாள்,
பதிலுக்கு என் தீபாவளி லீவு.
பையனை டியூஷனிலிருந்து கூட்டிவர
முனிரத்தினம் ஒத்துக்கொண்டார்.
பதிலுக்கு அவர் ஒன்றுமே கேட்காததுதான் பயமாக இருந்தது.
வியாழன் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன்:
ரோஷன் வாந்தி எடுத்துட்டான், யாராவது வாங்க.
யாராவது என்றால் யார் என்று
அந்த டீச்சருக்கும் தெரியும்.
என் டோக்கனில் அவனைக் காட்டலாமா என்று
கிளினிக்குக்கு அடித்தேன்.
அன்று மட்டும் முதல் ரிங்கிலேயே எடுத்தார் மாதப்பன்.
"இவங்க தைராய்டு டாக்டரும்மா,"
கோபமே இல்லாமல் சொன்னார்.

நான்காவது, டாக்டர் டெல்லியில் மாநாடு.
ஐந்தாவது, பிஸி.
ஆறாவது புதன் வீட்டில்தான் இருந்தேன்.
மறந்தே போனேன்.
சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
கரண்ட் பில், மாமியாரின் சுகர் டெஸ்ட்,
நாத்தனார் வளைகாப்புக்கு இரண்டு டஜன் வளையல்,
அதில் பச்சை அதிகம் இருக்கணும் என்பது வரை
ஞாபகம் இருந்தது.

மறுநாள் நான்கு மணி சுமாருக்கு
ஏழாவது லேனில் ஒரு வெள்ளைக் கார்.
கர்நாடகா நம்பர். கண்ணாடியில் சிவப்புக் கூட்டல் குறி.
வாராவாரம் பார்க்கிற வண்டிதான்,
மூன்று நொடியில் பீப் அடித்து
கட்டையைத் தூக்கவைத்துப் போய்விடும்.
இன்று கட்டை எழவில்லை.
ஃபாஸ்டாக்கில் பேலன்ஸ் இல்லை.
டிரைவர் கத்தினார்:
"டாக்டர் வண்டிம்மா! அங்க நாப்பது பேர் காத்திருக்காங்க!"
தெரியும், என்றேன்.

பின்கண்ணாடி இறங்கியது.
மடியில் பாதி கடித்த கொய்யா, செருப்பைக் கழற்றிய கால்கள்,
என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும்.
எத்தனையோ சொல்லலாம் என்று
ஆறு வாரமாகச் சேர்த்துவைத்திருந்தேன்.
வாயில் வந்தது இதுதான்:
"புதன்கிழமை உங்க கிளினிக்ல போனே எடுக்க மாட்டேங்கறாங்க மேடம்."
அவர் சிரித்தார்.
"நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்."

காசு வாங்கினேன். ரசீது நீட்டினேன். கட்டை எழுந்தது.
கார் நகர்ந்தபோது அவர் சிரிப்பு நின்றிருந்தது.
பார்வை என் கண்ணில் இல்லை,
சற்றே கீழே,
யூனிஃபார்ம் காலர் மூடாத இடத்தில்.
பின்னால் ஓசூர் பஸ் ஹார்ன் அடித்தது.

அதன் அளவை எதனோடும் ஒப்பிடுவதை
இப்போது விட்டுவிட்டேன்.

அடுத்த புதன் மறுபடி ஆறு டு இரண்டு.
நவநீதாவுக்குக் கொடுக்க
என்னிடம் இன்னும் பொங்கல் இருக்கிறது.