சிவப்புக் கால்சட்டை

இவ்ரோஸ் மரம் வரைகிறாள்.
நான் மரம் எரித்து விற்கிறேன்.
ஒரே கூரை, ஒரே சோற்றுப்பானை.
ஜாக்மெல் சந்தையில்
இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை.

மாவுச் சாக்கைப் பிரித்து, வஜ்ஜிரம் பூசி,
சட்டத்தில் இழுத்து ஆணி அறைந்து தருவது நான்தான்.
விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள்.
மேளம்போல் அதிர்ந்தால்தான் தூரிகையைத் தொடுவாள்.

முதலில் வானம். அது காய ஐந்து நாள்,
மழை பிடித்தால் பத்து.
எண்ணெய்க்கு அவசரம் தெரியாது.
வாடகைக்குத் தெரியும்.
ஈர நீலத்தில் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டது.
பிடுங்கினால் வடு விழுமென்று
அதற்கே இரண்டு இறக்கை இழுத்துத்
தூரத்துப் பருந்தாக்கிவிட்டாள்.

பிறகு மலை.
ஜன்னலில் தெரிகிற அதே மலைதான்,
அதே கூன், அதே ஓடைத் தழும்பு.
ஆனால் ஜன்னலில் அது சிரைத்த தலை.
துணியிலோ வாழையும் செம்பருத்தியும்
நண்டுக் கொடுக்காய்ச் சிவந்த ஹெலிகோனியாவும்
நிற்க இடமில்லாமல்
ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"இத்தனை பூ எங்கே பார்த்தாய்?"
"நீ வெட்டுவதற்கு முன்னால், தியேசல்,"
கோபமே இல்லை,
மஞ்சளில் பச்சையைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்.
பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டியது என்று
கேட்க வாயெடுத்தேன்.
போன மாதம் அவள் படம் கட்டியது ஞாபகம் வந்தது.

நேற்று கறுப்புக் குழாய் தீர்ந்துபோனது.
பறவை மட்டும்தான் பாக்கி:
பச்சை முதுகு, சாம்பல் மார்பு,
இடுப்புக்குக் கீழே அந்தச் சிவப்பு.
எங்கள் பக்கம் அதற்குப் பெயரே சிவப்புக் கால்சட்டை.
கண்ணின் மஞ்சள் வளையம்கூட வந்துவிட்டது,
நடுவே வெறும் துணி.

என் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டு எடுத்தாள்.
சுண்டினாள். கண்ணாடிபோல் கிணுங்கியது.
"எந்த மரம்?"
"மாமரம். ஓடைக்கு அந்தண்டை நின்றதே."
அது சாய்ந்தபோது உச்சியிலிருந்து ஏதோ பறந்தது.
எதுவென்று நான் பார்க்கவில்லை.
அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

உடைந்த ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து
ஆளிவிதை எண்ணெய் விட்டு
ஒரு மணிநேரம் அரைத்தாள்.
நறநறப்பு அடங்கி, மை வழுவழுத்தது.
தூரிகை நுனியால் ஒரே ஒரு புள்ளி.
மிச்சத்தை இலைகளின் அடியில்
நிழலாகப் பரப்பினாள்.

விடியுமுன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
டாப்-டாப் வண்டியின் கூரையில்
மூட்டையைப் பின்னால் தள்ளி,
படத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.
வளைவுக்கு வளைவு ஆட்கள் ஏறினார்கள்,
கோழியோடு, வாளியோடு.
ஈரம், ஈரம், தொடாதீர்கள் என்று
மலை இறங்கும்வரை கத்திக்கொண்டே போனேன்.